கேன்டீன் ஹாலுக்கு வந்த நாடகம்

கையெழுத்துத்தானுங்களே சார், போட்டாப் போச்சு. அதுக்கு எதுக்குப் பேனாவத் தொறந்து நீட்டிட்டே இருக்கறீங்க, கை வலிக்கப் போகுது. ஒருக்கா படிச்சுப்போட்டுப் போடறனுங்க. பத்தொம்பது வருசமா இந்தப் பனியன் கம்பெனில எத்தனையோ காயிதத்துல படிக்காமயே போட்டிருக்கறேன். இன்னிக்கு ஒரு நாளைக்குப் படிக்கறனே, என்ன கொறஞ்சு போச்சு.

வேலாத்தாள், வயசு நாப்பத்தேழு, செக்கிங் செக்சன் சூப்பர்வைசர். சரிங்க. சொந்த ஊரு பொங்கலூரு. அதுவும் சரிங்க. ஒச்சாயி என்பவர்... அட, என்பவர்னு போட்டிருக்கறீங்க பாருங்க. இத்தன மரியாதைய அவளுக்கு இந்தக் கம்பெனில ஆரும் குடுத்ததில்லீங்க. ஒச்சாயி என்பவர் உள்நோக்கத்துடன், நாடகக் குழுவினரின் தூண்டுதலின் பேரில், வெளிநாட்டு ஆடிட்டரிடம் கம்பெனியைப் பற்றிப் பொய்யான தகவல்களை... சரி.

இல்லீங்க, நிறுத்தலீங்க. கண்ணாடி கொண்டாரல, எழுத்து பொடியா இருக்குது, அதான்.

மூணாவது பாரா. அன்று வருபவர் ஆடிட்டர் என்பதை நான் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரிவித்திருந்தேன். இதுதானுங்களா முக்கியமானது? ஆமா, செவப்பு மையில கோடு போட்டு வெச்சிருக்கறீங்களே. நான் தெளிவாச் சொல்லியிருந்தா அவ வேணும்னே பேசுனதா ஆகும். சொல்லலீன்னா, நாடகந்தான்னு நெனச்சுப் பேசிப்போட்டான்னு ஆகும். புரியுதுங்க. பத்தாவது பெயிலுதான், ஆனா இது புரியுதுங்க.

அவ வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறா பாருங்க, கண்ணாடிக் கதவுல தெரியறா, பச்சச் சீல. எனக்கப்பறம் அவளக் கூப்புடுவீங்களாக்கு. நான் இதுல போட்டன்னா அவளுக்கு வேல போச்சு. இங்க மட்டும் இல்லீங்க, இந்த ரோட்டுல எந்தக் கம்பெனிக்கும் அவ போக முடியாது. மேனேஜருக்கு மேனேஜரு ஒரு போனு, முடிஞ்சுது சோலி. அந்த மாதிரிப் போன நானே நாலஞ்சு தடவ போட்டிருக்கறேன், பொய் சொல்லல. மண்ணரைல லைன் ஊட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வெச்சுட்டு இருக்கறா. புருசன் ராஜபாண்டி சாயப்பட்டறைல. பட்டறை பாதி நாளு ஓடறதில்ல.

நாடகமும் போச்சுங்க. நம்ம கம்பெனி மட்டுமில்ல, ஆறு கம்பெனில நடக்குது. தூண்டுதலின் பேரில்னு ஒரு வரி இதுல இருக்குதில்லீங்களா, அதப் பாத்தா நாடகத்துக்குச் செலவு பண்ற ஃபவுண்டேசன்காரங்க ஒரே நாள்ல மூட்ட கட்டிக்குவாங்க.

சுருக்கமாச் சொல்லோணுங்களா? சார், நீங்க விசாரணைக்குன்னு கோயமுத்தூருல இருந்து காருல வந்து எறங்கி இந்த சேம்பிள் ரூமுல உக்காந்துட்டீங்க. மேனேஜர் மோகன்ராஜ் சொன்னத டைப்பும் அடிச்சாச்சு. நாடகம் இங்க எப்படி வந்துச்சுன்னே தெரியாம நாடகக்காரங்க தூண்டுனாங்கன்னு எப்படிங்க எழுதறது? பத்து நிமிசம் கேளுங்க. பொறகு எங்க போடச் சொல்றீங்களோ அங்க போடறேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடிங்க. நம்ம சரக்கு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு ஃபவுண்டேசன் இருக்குது. தரும காரியம் செய்யறதுக்குன்னே தனியா. அதுல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. தொழிலாளிங்களுக்கு ஏதாச்சும் செய்யோணும், ஆசுபத்திரி, கக்கூசு எல்லாம் எல்லாரும் செஞ்சாச்சு, இவங்களுக்குன்னு பாட்டு, கூத்து, நாடகம்னு ஏதாச்சும் கொண்டாரலாமான்னு கேட்டாங்க. நம்ம மொதலாளி தண்டாயுதபாணி அய்யாவுக்கு ஒண்ணும் புரியல. ஆயுதபூசைக்கு ஆர்க்கெஸ்ட்ரா வெச்சுக் குடுத்தறனுங்கன்னாரு. அந்தம்மா இல்ல இல்ல, இவங்கதான் நடிக்கோணும்னாங்க. மொதலாளி என்னையப் பாத்தாரு. நான் மொதலாளியப் பாத்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு முட்டிட்டு வருது. எங்க புள்ளைங்களுக்கு நடிக்க வேற சொல்லித் தரோணுமான்னு.

உங்களுக்குப் புரியலீங்களா? வாரேன், அதுக்கும் வாரேன்.

அப்படியே மூணு பேரு சேந்தாங்க. ஃபவுண்டேசன் செலவ ஏத்துக்குச்சு. மொதலாளி அவங்கம்மா பேருல நடத்தற டிரஸ்ட்டு மூலமா கேன்டீன் ஹாலக் குடுத்தாரு. வாரத்துல ரெண்டு நாளு ஒன்றரை ஷிப்ட்டுக் கெடையாது, அஞ்சரைக்கே மிசினு நிக்கும். மருதப் பக்கமிருந்து ஒரு நாடகக் குழு ஆளனுப்புச்சு. மண்ணரைல சர்ச்சு பள்ளிக்கூடத்துச் சாமியாரு கிரவுண்டக் குடுக்கறேன்னாரு. அதப் பாத்து இன்னும் அஞ்சு கம்பெனிக்காரிய நாங்களும் வாரோம்னாங்க. கையெழுத்தான காயிதத்த ஆபீசுல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்குது, நீங்க வர்றப்பப் பாத்திருப்பீங்க. மொதலாளி மேல எனக்குக் கொறையில்லீங்க சார். மொத நாளு அவரே வந்து டேபிள நவுத்திப் போட்டாரு. ஒரு காலத்துல கட்டிங் டேபிளு மேலயே படுத்துத் தூங்குன மனுசன் அவரு.

சொல்லித் தர வந்த புள்ள பேரு தமிழ்மதி. முப்பது வயசு இருக்கும். மொத கிளாசுக்குப் பதினெட்டுப் பொம்பளைங்க உக்காந்தாங்க. நான் தொழிலாளிங்க வெல்பேருக்கும் பொறுப்புங்கறதால ஓரத்துல சேரு போட்டு உக்காந்திருக்கறேன். தமிழ்மதி ஒருத்திகிட்ட, ஏங்க்கா, உங்க ஒரு நாளப் பத்திச் சொல்லுங்கன்னுச்சு. அவ எந்திரிச்சு நின்னு கையக் கட்டிட்டு, காலைல எட்டரைக்கு வருவோம் மேடம், சாயங்காலம் அஞ்சரைக்குப் போவோம் மேடம், ஓவர் டைம் எங்க விருப்பத்துக்குத்தான் செய்வோம் மேடம், குடிதண்ணி நல்லா இருக்கும் மேடம்னா. அடுத்தவளக் கேட்டுச்சு. அவளும் அதே. மூணாவது ஆளும் அதே. ஒரு எழுத்து மாறல. தமிழ்மதி மெதுவாத் திரும்பி என்னையப் பாத்துச்சு. நான் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

இப்பப் புரியுதுங்களா? இங்க ஆளுங்களச் சரியா நடத்தறாங்களான்னு பாக்கறதுக்குச் சரக்கு வாங்கற கம்பெனில அனுப்பற ஆடிட்டுக்கு இருபத்திரண்டு கேள்விங்க. எந்த ஆடிட்டரு வந்தாலும் சுத்திச் சுத்தி அதுதான். அதுக்கு இருபத்திரண்டு பதிலு. புதுசா ஆளு சேந்தா வாசக் கேட்டுகிட்டயே நிக்க வெச்சு நாந்தான் மனப்பாடம் பண்ண வெப்பேன். பாதிப் பேரு என்னைய டீச்சரக்கான்னுதான் கூப்புடுவாங்க. எனக்கு அதுல பெருமைதான் சார், எதுக்கு மறைக்கோணும். பத்தொம்பது வருசத்துல ஒரு ஆடிட்டுலகூட நான் சொல்லிக் குடுத்தவ தடுமாறுனதில்ல.

ஒச்சாயியத் தவுத்து. அவளுக்கு அது ஏறவே ஏறாது. ஓவர் டைம் விருப்பமான்னா, ஏக்கா, விருப்பமில்லேன்னா ஊட்டுக்கு விட்டுருவீகளான்னு என்னையவே திருப்பிக் கேப்பா. அதனால ஆடிட்டு அன்னிக்கு அவளுக்கு நானே லீவு குடுத்துருவேன். வருசம் ரெண்டு தடவ, தவறாம.

அன்னிக்கு மட்டும் ஏன் லீவு குடுக்கலீன்னு கேக்கறீங்க. நல்ல கேள்விங்க. இருங்க, வாரேன்.

தமிழ்மதி ஒரு வெளையாட்டுச் சொல்லிக் குடுத்துச்சு. கோர்ட்டு வெளையாட்டுன்னு பேரு. ஒருத்தி சேருல உக்காந்து கேள்வி கேக்கோணும், இன்னொருத்தி நின்னு பதிலு சொல்லோணும். உள்ளதச் சொல்லோணும், வாயால மட்டுமில்லாம கையி காலோட நடிச்சுக் காமிக்கோணும். பழைய பாடத்த ஒப்பிச்சான்னா சுத்தி இருக்கறவங்க எல்லாம் கை தட்டி மனப்பாடம், மனப்பாடம்னு கத்துவாங்க. மொத ஒரு மாசம் பூரா கத்தல்தான். எனக்கு ஒவ்வொரு கத்தலும் என்னையச் சொல்ற மாதிரி இருக்கும். அப்பறம் ஒவ்வொருத்தியா வாயத் தொறந்தாங்க சார். எத்தன வருசமா எங்கூட வேல செய்யறவங்க. அவங்க குரலு அப்படி இருக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.

ஆறு மாசங்கழிச்சு மண்ணரை கிரவுண்டுல நாடகம் போட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம், பொழுது இருக்கறப்பவே. மண்ணு மேல சனம் உக்காந்திருக்குது, லைன் ஊட்டு மொட்டை மாடில, காம்பவுண்டு செவுத்து மேல, எள்ளுப் போட எடமில்ல. சாமளாபுரத்துல இருந்து தறிக்காரங்க லாரி புடிச்சு வந்திருந்தாங்க. மொத வரிசைல மொதலாளி, சாமியாரு, ஃபவுண்டேசன் ஆளு, பக்கத்துல நானு. பட்டுச்சீல கட்டிட்டுப் போயிருந்தேன்.

ஒச்சாயி வந்தா. இடுப்புல ஒரு சாவியச் சொருகிட்டு, இடது தோள மட்டும் தூக்கிட்டு, விசுக்கு விசுக்குனு ஒரு நட. சனம் ஓன்னு சிரிக்குது. மொதலாளி தொடையத் தட்டிச் சிரிக்கறாரு. எனக்குப் புரியறதுக்கு ஒரு நிமிசம் ஆச்சுங்க. அது நானு.

சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கட்டும்னு நானும் பல்லக் காமிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் மேடைய ரெண்டாப் பிரிச்சாங்க. இந்தப் பக்கம் ஒச்சாயி, அதாவது நானு, நாலு புதுப் புள்ளைங்கள நிக்க வெச்சுப் பாடம் எடுக்கறேன். பின்கதவு எப்பவும் எப்படி இருக்கும்? தெறந்தே இருக்கும் மேடம்! சத்தமா. தெறந்தே இருக்கும் மேடம்! அந்தப் பக்கம் புகை. பத்துப் பொம்பளைங்க பின்கதவப் போட்டுத் தட்டறாங்க. தெறங்க, தெறங்கன்னு கத்தறாங்க. இந்தப் பக்கம் நான், இன்னும் சத்தமா, ஒருக்காச் சொல்லுங்கங்கறேன். தெறந்தே இருக்கும் மேடம்!

தண்ணி வேண்டாமுங்க. சொல்லி முடிச்சுக்கறேன்.

அது நடந்ததுதானுங்க. நாடகத்துக்கு ஒரு வருசம் முந்தி. ரெண்டாவது மாடில அயனிங் டேபிளு ஒயரு பத்தி கட்டிங் வேஸ்ட்டுல புடிச்சுக்கிச்சு. பெரிய தீயில்ல, நெம்பப் புகை. அறுவத்தி ரெண்டு பொம்பளைங்க. முன்படி அயனிங் பக்கத்துல இருக்குது, அங்கதான் புகை. எல்லாம் பின்கதவுக்கு ஓடியிருக்குது. அது பூட்டியிருக்கும். பீசு திருட்டுப் போகுதுன்னு ஆபீசுல சொல்லி, நாந்தான் பூட்டுவேன். ஆடிட்டு அன்னிக்கு மட்டும் தெறப்பேன். சாவி என்ற இடுப்புல. நான் கீழ கேட்டுகிட்ட புதுப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துட்டு இருக்கறேன். பதினாலாவது கேள்வி. ஆமாங்க. ஒச்சாயி ஒண்ணையும் சோடிச்சுச் சொல்லல. அதே கேள்வி.

மேல ஓடிப் போய்த் தெறக்கறதுக்குள்ள நெருக்கித் தள்ளுனதுல அபிராமி கீழ விழுந்துட்டா. கைமடிக்கு வந்த புள்ள, துணிய மடிச்சு அடுக்கிக் குடுக்கறது. கலியாணமாகி ஒரு வருசம், அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போனோம். அவ பொழச்சுக்கிட்டா. வயித்துல இருந்தது நிக்கல. ரிஜிஸ்டருல நாந்தான் எழுதுனேன், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார்னு. ஒரு வாரம் கதவு தெறந்து இருந்துச்சு. ரெண்டு டஜன் பீசு கொறஞ்சுதுன்னு மறுபடியும் பூட்டச் சொன்னாங்க. பூட்டுனேன்.

நாடகம் முடிஞ்சதும் மொதலாளி எந்திரிச்சு, நல்லா இருந்துச்சு கண்ணுகளா, அந்தக் கதவுச் சீன் மட்டும் வெள்ளக்காரங்க வர்றப்ப வேண்டாம்னுட்டுக் கார் ஏறிட்டாரு. எனக்கு ஒச்சாயி மேல அப்படி ஒரு ஆத்தரம். பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். சனமெல்லாம் என்னையப் பாத்துக்கிட்டே போகுது. அப்ப அபிராமி வந்தா. வந்து என்ற கையப் புடிச்சுட்டு, அக்கா, நீங்க சாவி எடுத்துட்டு எப்படி ஓடி வந்தீங்க, படில விழுந்து மொழங்காலெல்லாம் ரத்தம், அத அவ காட்டவே இல்ல பாருங்கக்கா, அவகிட்ட நான் சொல்றேங்கறா.

எம்பக்கம் பேசறா சார். அவ எம்பக்கம் பேசறா. என்னையத் திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.

ஒச்சாயிய நான் சும்மா உடல. மறுநாளே செக்கிங்ல இருந்து எடுத்துக் கைமடிக்குப் போட்டேன். காலைல இருந்து நின்னுட்டே இருக்கற வேல. ரெண்டு மாசம் மொகங்குடுத்துப் பேசல. கம்பெனிக்கே தெரியும். அதத் தெரிஞ்சுதானே மோகன்ராஜ் சாட்சிக்கு என்ற பேர மொதல்ல போட்டிருக்காரு? இவ கண்ண மூடிட்டுப் போடுவான்னு. அவரு கணக்கு தப்பில்லீங்க.

ஆனா ஊட்டுல போயிப் படுத்தா அந்தச் சத்தம். தெறந்தே இருக்கும் மேடம். கம்பெனில தெனமும் காலைல பூட்டிப்போட்டு, மறுபடியும் போயி அந்தக் கதவத் தொட்டுப் பாத்துட்டு வருவேன். ஒருக்கா மோகன்ராஜ்கிட்டப் போயி, சார், இந்தக் கதவ இனிமேலு பூட்ட வேண்டாமுங்கன்னு கேட்டேன். அப்பத் திருட்டுப் போற பீசுக்கு நீ பொறுப்பேத்துக்கறயான்னாரு. சரிங்க சார்னுட்டு வந்துட்டேன். அவ்வளவுதான் எனக்கு வாயி. அடுத்தவங்களுக்குப் பாடஞ் சொல்ற வாயி, தனக்குன்னு வர்றப்ப ஒட்டிக்குது.

அப்பத்தான் போன மாசம் ஆடிட்டு வந்துச்சு. இனி உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். எப்பவும் பேண்ட்டு சட்டை போட்டுட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரு வருவாங்க. அன்னிக்கு வந்தது வெளிநாட்டு அம்மா, பருத்திச் சுடிதாரு போட்டுட்டு, கூட பெங்களூருப் புள்ள ஒண்ணு, தமிழ்ல கேட்டுச் சொல்றதுக்கு. ஃபவுண்டேசன் அம்மாவும் அந்த வாரந்தான் வர்றதா இருந்துச்சு. அந்தம்மாவும் இதே மாதிரி சுடிதாருதான். ஆறு பேரக் கேன்டீன் ஹாலுக்குக் கூப்புட்டாங்க. லிஸ்ட்டுல டிக் போட்டுக் குடுத்ததுல ஒருத்தி வரல, அவளுக்குப் பதிலா ஒச்சாயி போனா. உள்ள போனா, அந்த ஹாலு, அந்தச் சேரு, கேள்வி கேக்கறதுக்கு ஒரு அம்மா. ஆறு பேரும் கோர்ட்டு வெளையாட்டுன்னே நெனச்சு உள்ளதயெல்லாம் கொட்டிட்டாங்க. ஒச்சாயி எந்திரிச்சு இடுப்புல சாவியச் சொருகி என்னைய மாதிரி நடந்தே காமிச்சுட்டா. அந்தம்மா பதினோரு பக்கம் எழுதுனாங்களாமா.

பொய்யான தகவல்னு எழுதியிருக்கறீங்களே சார். அன்னிக்கு அந்தம்மா மேல வந்து பாத்தப்பக் கதவு தெறந்துதான் இருந்துச்சு, வாஸ்தவம். ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டாங்க. அடுத்த செவ்வாக்கெழம ஆருகிட்டயும் சொல்லாம வந்து, நேரா வெளிப்படில ஏறி, பின்கதவ அந்தப் பக்கமிருந்து தட்டுனாங்க. செக்சனே எந்திரிச்சு நின்னுருச்சு. நாந்தான் போயித் தெறந்தேன். பூட்டுக்குள்ள சாவி போக மாட்டேங்குது. இப்ப அந்தக் கதவையே கழட்டிக் கீழ சாத்தி வெச்சுட்டாங்க. காத்து நல்லா வருது.

அன்னிக்கு ரிப்பேருக்காகப் பூட்டியிருந்துதுன்னு எழுதிக்கலாமுங்களா? எழுதிக்கலாமுங்க. உங்களுக்குத் தெரியாததா.

ஆமாங்க, வெளிநாட்டுக் கம்பெனில ஆர்டர நிறுத்தி வெச்சிருக்காங்க. மூணு மாசம். அது எனக்கும் வருத்தந்தான். ஆடிட்டருகிட்டப் பேசுனதுக்காக ஆரையும் வேலைய உட்டு அனுப்பக்கூடாதுன்னு அவிய சட்டம் இருக்குது. அதனாலதான் பேசுனதுக்காக இல்ல, பொய் சொன்னதுக்காகன்னு ஒரு விசாரண. அதுக்கு நீங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க, நீங்க உங்க வேலையப் பாக்கறீங்க.

சரி, மத்த அஞ்சு பேரையும் நேத்து விசாரிச்சீங்களே, என்ன சொன்னாங்க? நான் கேக்கலாமுங்களா? ஆடிட்டு இல்லைன்னு உங்ககிட்ட ஆரு சொன்னதுன்னு கேட்டீங்களா? அதுக்கு அவிய பதிலு? அட, அந்த ஃபைலப் பாத்தே படிங்களேன்.

யாரும் சொல்லலீங்க சார், அந்தம்மா சுடிதார் போட்டிருந்ததப் பாத்து நாங்களாத்தான் நாடகம்னு நெனச்சுக்கிட்டோமுங்க சார். இதுதான் மொத ஆளு சொன்னதுங்களா?

அடுத்தவ?

அதேவா? அடுத்தவ? கடேசி ஆளு அபிராமிதானே, அவளும்?

ஒரு வார்த்தகூட மாறலியா?

சார், அந்த ஜன்னல் பக்கம் சித்தெ திரும்பிக்கறேன். ஒரு நிமிசம். ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்ல.

அது மனப்பாடமுங்க சார். இந்த ஊருல மனப்பாடத்த என்னையாட்டக் கண்டுபுடிக்கறவ ஆருமில்ல. யாரும் சொல்லலீங்க சார்னு எடுக்கற எடுப்புலயே தெரியுது. அஞ்சு பேரையும் நிக்க வெச்சு, திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சு, ஆரோ பாடம் எடுத்திருக்காங்க. இந்தத் தடவ நான் எடுக்கல. இருபத்திரண்டு பதில்ல ஒண்ணக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதவ ஒருத்தி எடுத்திருக்கறா. போன வாரம் கேட்டுகிட்டப் பாத்தப்ப, நீங்க ஒண்ணும் பயப்புடாதீகக்கா, ஒங்க பேரு வராதுன்னா. எனக்கு அப்ப வெளங்கல. ஆறுதலுக்குச் சொல்றாளாக்கும்னு நெனச்சுட்டு வந்துட்டேன்.

என்ற பேரு எதுக்கு வரோணும்னா... மூணாவது பாராவ அடிச்சுருங்க சார். நான் தெளிவாத் தெரிவிக்கல. தெளிவா வேறதத் தெரிவிச்சேன். ஆடிட்டு சனிக்கெழமைக்கு மாறிப்போச்சு, இன்னிக்கு வந்திருக்கறது நாடகத்துக்கு ஒதவி பண்ற அம்மா, கோர்ட்டு வெளையாட்டு வெளையாடிக் காமிக்கச் சொல்றாங்க, ஆரும் பழைய பாடத்த ஒப்பிச்சுப்போடாதீங்க அம்மிணிகளான்னு கேன்டீன் படில நின்னுட்டு நாந்தான் சொன்னேன். அன்னிக்கு ஒச்சாயிக்கு லீவு குடுக்காம வெச்சிருந்ததும், ஒருத்தி வரலீன்னதும் அவளக் கைப்புடிச்சு உள்ள அனுப்புனதும் நாந்தான்.

அவிய ஆறு பேரும் அக்கா தெரியாமச் சொல்லிப்போட்டாங்கன்னு நெனச்சுட்டு என்னையக் காப்பாத்திட்டு இருக்கறாங்க. ஒச்சாயி வேலையே போனாலும் பரவால்லன்னு வாயத் தொறக்காம அங்க உக்காந்திருக்கறா.

தெரியாமச் சொல்லலீங்க சார். காலைல கேட்டுல காரு கதவத் தெறந்து உட்டதே நானு, ஆடிட்டுன்னு கார்டு அந்தம்மா கழுத்துல தொங்குது, படிச்சேன். என்ற வாயில சொல்றதுக்குத் தெம்பில்லாம அவிய வாயில சொல்ல வெச்சேன்.

எழுதுங்க. முழுசா எழுதுங்க. அதுக்கு முன்னாடி அவள உள்ள கூப்புடுங்க, அவ காதுல இத நான் சொல்லிப்போடறேன்.